கேபின் வீட்டில் வினைல் விரிக்கும் முன்: அடிப்பலகையின் குறைகளை அறிகுறி கண்டு நீக்கும் வழிமுறை

திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கங்களில் தென்னந்தோப்புக்குள்ளும் வயலோரத்திலும் இரும்புச் சட்டத்தால் ஆன கேபின் வீடுகளை இப்போது காண முடிகிறது. லாரியில் ஏற்றி வந்து, கிரேன் வைத்து இறக்கி, ஹாலோ பிளாக் அடுக்கின் மேல் நிறுத்திவிடும் இந்த வீடுகளுக்குத் தரையாகப் பெரும்பாலும் வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் விரிப்புதான் விரிக்கப்படுகிறது. எடையும் செலவும் குறைவு, துடைப்பதும் எளிது. ஆனால் இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் வினைல் குமிழ்விட்டது, ஓரம் சுருண்டது, கால் வைத்தால் அமுங்குகிறது என்று என்னை அழைப்பவர்கள் பலர். எல்லோரும் வினைலையும் பசையையும் குறை சொல்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்த தளங்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு அவற்றுக்குக் கீழே, பலகையிலும் அதற்கும் கீழே உள்ள மண்ணிலும் இருந்தது.

கேபினின் தரை எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மண்ணின் மேல் பிளாக் அடுக்கு. அதன் மேல் நீளவாக்கில் சி-சேனல்கள் (ஆங்கில ‘C’ வடிவ இரும்புச் சட்டங்கள்). அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 2 அடிக்கு ஒன்றாகப் பற்றவைத்த பாக்ஸ் பைப் அல்லது ஆங்கிள். அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் அல்லது ஃபைபர் சிமென்ட் போர்டு. எல்லாவற்றுக்கும் மேலே 2 மி.மீ. தடிமன்கூட இல்லாத வினைல். அமெரிக்காவின் பழைய நகரும் வீடுகளில் அடிப்பலகையாக மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டைப் போட்டிருப்பார்கள்; அது ஒருமுறை நீர் குடித்து உப்பினால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால் முழுப் பலகையையும் மாற்றச் சொல்வார்கள். நம் ஊர்க் கேபின்களில் பிளைவுட்டும் சிமென்ட் போர்டும் இருப்பதால் பழுது பார்க்கும் முறை சற்று வேறுபடும். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இருட்டான, காற்றோட்டம் குறைந்த ஓர் இடைவெளி இருக்கிறது என்பதும், தொல்லைகள் அங்கிருந்தே தொடங்குகின்றன என்பதும் இரு நாட்டுக்கும் பொது.

வேலையைத் தொடங்கும் காலம் முக்கியமானது. டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் வினைல் விரிப்பதை நான் ஏற்பதில்லை. சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மாசி முதல் சித்திரை வரை பலகையும் மண்ணும் உலர்ந்திருக்கும். அதுவே உகந்த காலம். பழுது பார்க்கும் நாளில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்துப் படுத்து, முதலில் கேபினுக்கு அடியில் பாருங்கள். பாம்பும் தேளும் ஒதுங்க விரும்பும் இடம் அது என்பதால் நீண்ட கழியால் தட்டிப் பார்த்த பிறகே கையை உள்ளே நீட்ட வேண்டும்.

நடக்கும்போது தளம் அமுங்குகிறது, அல்லது துள்ளுகிறது

ஓர் எவர்சில்வர் தம்ளரில் விளிம்புவரை நீர் ஊற்றி அறையின் நடுவே வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். நீர் இலேசாக நெளிந்தால் கவலையில்லை. விளிம்பைத் தாண்டிச் சிந்தினால் அந்தத் தளம் வினைலுக்குத் தயாராக இல்லை. அசையும் தளத்தின் மேல் ஒட்டிய வினைலில் பசை ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பூசி நிரப்பிய மூட்டுகள் பொடியாகும்.

அசைவுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒருவர் மேலே நடக்க, நீங்கள் அடியிலிருந்து பார்த்தால் எது காரணம் என்பது தெரிந்துவிடும். இரும்புச் சட்டம் அசையாமல் பலகை மட்டும் மேலும் கீழும் போனால் ஸ்க்ரூ பிடி தளர்ந்திருக்கிறது. பழைய ஓட்டையிலேயே மறுபடி முடுக்காமல், ஒரு விரற்கடை தள்ளிப் தானே துளையிட்டு இறங்கும் புதிய செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போடுங்கள். பலகையின் ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுப்பகுதியில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கு போதும். பலகை இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே மட்டும் வளைந்தால் இடைவெளி அதிகம் என்று பொருள். நடுவில் இன்னொரு பாக்ஸ் பைப்பைப் பற்றவைப்பதுதான் தீர்வு. பற்றவைக்கும்போது மேலே உள்ள பலகை கருகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டே வேலை செய்ய வேண்டும்.

சட்டமே பிளாக்கின் மேல் உட்கார்ந்தும் எழும்பியும் ஆடுகிறது என்றால் குறை மண்ணில் இருக்கிறது. இதுதான் நம் பகுதிக்கே உரிய குறை. காவிரி கொண்டுவந்து சேர்த்த களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28 வரை பாசனம் நடக்கும். அந்த மாதங்களில் பக்கத்து வயலில் நீர் கட்டி நிற்க, கேபினுக்கு அடியில் உள்ள மண்ணும் மெல்ல ஊறி மேலே தள்ளும்; கோடையில் அதே மண் கைவிரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கீழே இறங்கும். வாய்க்கால் ஓரத்து பிளாக் ஏறியும், களத்து மேட்டுப் பக்கத்து பிளாக் இறங்கியும் நிற்க, நடுவில் இருக்கும் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு திடீரென்று நிலையில் தேய்வதும், ஜன்னல் கண்ணாடி இழுபடாமல் சிக்குவதும் இந்த முறுக்கின் முன்னறிவிப்புகள்.

வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்பதை ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளந்து பாருங்கள். பிளாக்கைத் தாங்கும் கான்கிரீட் மெத்தை அந்த ஆழத்துக்குக் கீழே உட்கார வேண்டும். வெறும் மண்ணின் மேல் ஹாலோ பிளாக்கை அடுக்கியிருந்தால், சித்திரை மாதத்தில், ஒரு நேரத்தில் ஒரு முனையாக, குழி தோண்டி, இரண்டடிச் சதுரத்தில் கான்கிரீட் போட்டு, அதன் மேல் திடமான பிளாக்கைக் கலவை வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்க்குழாயே போதும். நான்கு மூலைக்கும் நடுச்சட்டத்துக்கும் ஒரே அளவு வர வேண்டும். ஜாக்கியால் தூக்கும்போது ஒரே இடத்தில் தம் பிடித்து ஏற்றிவிடாமல், ஒவ்வொரு முனையிலும் 3 மி.மீ. அளவுக்கு மாற்றி மாற்றி ஏற்றுங்கள். இல்லையென்றால் சுவர்ப் பேனலின் மூட்டுகள் பிளக்கும். ஜாக்கி மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவரும் அடியில் நுழையக் கூடாது; பக்கத்தில் கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்த பிறகே நுழைய வேண்டும். பிளாக்குக்கும் சேனலுக்கும் நடுவே உள்ள சந்தில் மரத்துண்டைச் செருகாதீர்கள். ஒரே மழையில் அது ஊறி நசுங்கிவிடும். இரும்புத் தகட்டை வையுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் முனை பலகைக்குள் இறங்குகிறது

குளியலறை வாசல், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடி, ஜன்னலுக்குக் கீழே, ஏ.சி. மாட்டிய சுவரோரம் ஆகிய நான்கு இடங்களிலும் அரையடிக்கு ஒருமுறை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட்டில் முனை நின்றுவிடும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உளுத்த பலகையில் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். ஓசை மொத்தென்று அடங்கிவிடும்.

மன்னார்குடிக்கு அருகே ஒரு தோப்பு வீட்டில் ஏ.சி.யின் கழிவுநீர்க் குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டாமல் பேனலுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். மேலே விரித்திருந்த வினைல் பார்க்கப் பளபளவென்று புதிது போலவே இருந்தது. ஓரத்தைத் தூக்கியபோது பிளைவுட்டின் அடுக்குகள் நனைந்த அட்டை போலப் பிரிந்து, விரலால் வழித்தால் கறுப்பு மாவாகக் கையோடு வந்தன. முன்பு வேலை செய்தவர் இந்த இடம் மென்மையாக இருப்பதை அறிந்தே அதன் மேல் பட்டி பூசி மூடியிருந்தார். அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்ததை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உளுத்த பலகையின் மேல் எதையும் பூசிப் பயனில்லை. முதலில் நீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டு அந்த இடம் மறுபடி நனையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு வெட்டுங்கள். கறை முடியும் இடத்தோடு நின்றுவிடாமல் அடுத்த குறுக்குச் சட்டத்தின் நடுக்கோடு வரை வெட்டினால்தான் பழைய பலகையும் புதிய பலகையும் ஆளுக்குப் பாதியாக ஒரே சட்டத்தின் மேல் உட்காரும். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்குச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வயரும் குழாயும் ஓடக்கூடும். வெளிப்பட்ட இரும்பில் துரு இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை அடியுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றுக்கு ரெட் ஆக்சைடு மட்டும் தாங்காது. அங்கே துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் செலவுக்கு உகந்தது. சட்டமே பொத்தலாகியிருந்தால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும்.

புதிய பலகை ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலை முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். ஐ.எஸ். 303-இல் வரும், ஓரளவே ஈரம் தாங்கும் எம்.ஆர். வகை அலமாரிக்குப் போதும். கேபினின் தரைக்குப் போதாது. எந்தப் பலகையாக இருந்தாலும் நீர் முதலில் நுழையும் வழி அதன் வெட்டு விளிம்பு என்பதால், பொருத்துவதற்கு முன்பே நான்கு விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் பிரைமரோ எபாக்சியோ பூசிவிடுங்கள். பொருத்திய பிறகு அந்த இடங்களைக் கை எட்டாது.

பூஞ்சை வாடை, கரும்புள்ளி, துடைத்த பிறகும் திரும்பும் ஈரம்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஓர் அம்மா, "தம்பி, தொடச்சு வச்ச கொஞ்ச நேரத்துல மறுபடியும் தரை ஈரமாவுது, கூரை எங்கயும் ஒழுகல" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நீர் கூரையிலிருந்து வரவில்லை.

களிமண்ணிலிருந்து எழும் ஈர ஆவி கேபினின் அடியில் தேங்கி நிற்கிறது. வினைல் இல்லாத காலத்தில் அந்த ஆவி பலகை வழியாக ஏறி அறைக்குள் கலைந்து போகும். வினைல் விரித்த நாளிலிருந்து மேல்வழி அடைபட்டுவிடுகிறது. அதோடு ஏ.சி.யும் ஓடினால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளியே புழுக்கமான காற்று. உள்ளே குளிர்ந்த வினைல். குளிர்நீர்ச் செம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல வினைலின் அடிப்பக்கம் வியர்த்து, அந்த நீரைப் பலகை குடிக்கிறது. வெயில் நாடுகளில் ஏ.சி. போட்ட வீட்டின் தரை அடியிலிருந்து கெடுவதற்குப் பெரும் காரணம் இதுவே. பசை போதவில்லை என்று மேலும் பசை பூசுவோர் இதை உணர்வதில்லை.

ஈரத்தை அளக்க ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. பிளைவுட்டில் 12 முதல் 13 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் காத்திருங்கள். காற்றின் ஈரப்பதம் நாள் கணக்கில் 85 விழுக்காட்டில் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில், நீரே படாத பலகைகூட 18 விழுக்காடு வரை ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் விரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். சிமென்ட் தரையாகவோ சிமென்ட் போர்டாகவோ இருந்தால், 45 செ.மீ. சதுரமான தெளிந்த பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூடி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு, பிறகு தூக்கிப் பாருங்கள். தாளின் அடியில் பனித்துளி நின்றாலோ, தளத்தின் நிறம் கறுத்திருந்தாலோ அடியில் ஈரம் இருக்கிறது.

தீர்வு கேபினுக்கு அடியில்தான் தொடங்க வேண்டும். மண்ணைச் சமன் செய்து, நீர் வெளிநோக்கி வழியும்படி இலேசாகச் சரிவு கொடுத்து, 150 மைக்ரானுக்குக் குறையாத பாலித்தீன் தாளை மண் முழுவதும் விரியுங்கள். ஒரு தாளின் மேல் இன்னொன்று ஓரடி ஏறி உட்கார வேண்டும். ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்துங்கள். கூரைநீர் கேபினின் அடியில் பாயாமல் பீலி வைத்து வாய்க்காலுக்குக் கொண்டுபோய் விடுங்கள். அழகுக்காகச் சுற்றிலும் செங்கல் கட்டி அடியை மூடிவிடுவது நம் ஊரில் பழக்கமாகி வருகிறது. அதை எதிரெதிர்ப் பக்கங்களில் திறந்து, எலி நுழையாத கம்பி வலை பொருத்திக் காற்று ஊடாட விடுங்கள். அறையை நடுங்கும் அளவுக்குக் குளிர்விக்காமல் இருப்பதும் இந்த மருத்துவத்தில் ஒரு பகுதி.

ஏற்கெனவே வந்த பூஞ்சையை முகக்கவசம் அணிந்துகொண்டு சோப்பு நீரால் துடைத்து, மின்விசிறி வைத்து நாள் கணக்கில் உலர்த்துங்கள். உலர்ந்த பிறகும் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் மேலே சொன்னபடி அந்தப் பலகையை மாற்றுங்கள். பூஞ்சையின் மேல் பெயின்ட் அடித்து மூடுவது சில மாதங்களுக்கு மேல் நிற்காது.

பலகை மூட்டுகளும் ஸ்க்ரூத் தலைகளும் வினைலின் மேல் கோடாகவும் புள்ளியாகவும் தெரிகின்றன

வினைல் மெல்லியது, கீழே ஒரு நெல்மணி கிடந்தால்கூட ஒரு மாதத்தில் அதன் வடிவம் மேலே தெரிந்துவிடும். ஆகவே இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து ஒளி பாய்ச்சுங்கள். பகலில் கண்ணுக்குத் தப்பிய மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். அவற்றைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு 3 மீட்டர் நீள அலுமினியப் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் 5 மி.மீ.க்கு மேல் சந்து இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டு உப்பியிருந்தால், இரண்டு பலகைகளையும் இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போட்டிருப்பார்கள். பலகை ஈரத்தில் விரியும்போது போக இடமின்றி ஒன்றையொன்று முட்டி மேலே எழும்புகிறது. 3 மி.மீ. இடைவெளி விட்டிருக்க வேண்டும். இப்போது மூட்டின் வழியே ரம்பத்தை ஓட்டி அந்த இடைவெளியை உண்டாக்கி, உப்பிய விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். சிமென்ட் போர்டாக இருந்தால் உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, பழைய போர்டில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கக்கூடும். அங்கே மேட்டைத் தேய்ப்பதற்குப் பதிலாகப் பக்கத்துப் பள்ளத்தை நிரப்பிச் சரிவாக்குவதே பாதுகாப்பானது.

நிரப்புவதற்குச் சுவர்ப் பட்டியையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் எடுக்காதீர்கள். சுவர் அசையாது; கேபினின் தரை அசையும். பத்து நாள் நடமாட்டத்தில் அவை பொடியாகி, வினைலுக்கு அடியில் நறநறவென்று மணல் போல ஓடும். பாலிமர் கலந்த, தரைக்கென்றே விற்கும் நிரப்புக் கலவையை வாங்கி, மெல்லிய கைகளாக இரண்டு முறை பூசி, உலர்ந்த பின் தேய்த்துவிடுங்கள். ஸ்க்ரூத் தலைகள் பலகை மட்டத்துக்கு ஒரு மி.மீ. கீழே இறங்கியிருக்க வேண்டும். குறைகள் ஒன்றிரண்டாக இல்லாமல் தளம் முழுவதும் பரவியிருந்தால், பழைய பலகையின் மேல் 6 மி.மீ. மெரைன் பிளைவுட்டை, கீழ் மூட்டின் மேல் மேல் மூட்டு வராதபடி மாற்றி வைத்து அறைந்துவிடுவது நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் கீழ்ப்பலகை உறுதியாகவும் உலர்ந்தும் இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

பசை பிடிக்கவில்லை

பேக்கிங் டேப்பை ஒரு சாண் நீளம் தளத்தில் அழுத்தி ஒட்டி, சட்டென்று உரித்துப் பாருங்கள். டேப்பில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் பசையும் அந்த மாவைத்தான் பிடிக்கும், தளத்தைப் பிடிக்காது. சிமென்ட் போர்டில் இது அடிக்கடி நேரும். நன்றாகப் பெருக்கி, வேக்குவம் போட்டு, பசைக்குப் பொருத்தமான பிரைமரை ஒரு கை அடித்து உலரவிட்டால் சரியாகிவிடும். அடுத்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீர் முத்தாக நின்றால் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். முந்தைய வினைலின் பழைய பசையையும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

வினைலின் மேல் மஞ்சள் அல்லது பழுப்புக் கறை எழுகிறது

தச்சர்கள் மார்க்கரால் போட்ட குறிகள், சிந்திய எண்ணெய், தார் ஆகியவை வினைலுக்குள் ஊறி மேலே வந்துவிடும், துடைத்தால் போகாது. விரிக்கும் முன்பே தேய்த்து எடுத்துவிடுங்கள், இனிமேல் குறி போட பென்சிலை மட்டும் பயன்படுத்துங்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதியும் இதே மஞ்சளை மேலிருந்து உண்டாக்கும்.

பிளாக்கின் மேல் மண்கோடு ஏறுகிறது

அது கரையான். கோட்டை ஓர் இடத்தில் உடைத்து, நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் மறுபடி அடைபட்டிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. மருந்து அடிக்கத் தெரிந்தவரை அழைத்து மண்ணுக்கே மருந்து கொடுத்த பிறகுதான் பலகை வேலையைத் தொட வேண்டும். கேபினுக்கு அடியில் தென்னை மட்டையும் விறகும் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

எல்லாம் சரியான பிறகு

வினைல் சுருளை அதே அறையில் 48 மணி நேரம் படுக்க வைத்து, அறையின் வெப்பத்துக்குப் பழக விடுங்கள். தகரக் கூரை கொதிக்கும் நண்பகலில் விரித்தால் விரிந்த நிலையில் ஒட்டி, இரவில் சுருங்கி மூட்டு விடும்; காலையில் விரிப்பதே நல்லது. சுருளாக இல்லாமல் பலகை போன்ற துண்டுகளாக வரும் பிளாங்க் வகையாக இருந்தால் சுவரோரம் 6 முதல் 10 மி.மீ. விட்டு, ஸ்கர்ட்டிங்கால் மறையுங்கள். கடைசியாக ஒருமுறை பெருக்கி, வெறுங்காலோடு தளம் முழுவதும் மெதுவாக நடந்து பாருங்கள். கண்ணும் டார்ச்சும் விட்டதை உள்ளங்கால் சொல்லும்.

பசை பூசும் முன், எந்தச் சுவரிலிருந்து எத்தனை அங்குலத்தில் எந்தக் குறுக்குச் சட்டம் ஓடுகிறது, எந்த பிளாக் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து, மெயின் சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். சித்திரையில் ஒருமுறை, தை அறுவடைக்கு முன் ஒருமுறை நீர்க்குழாயை வைத்து மட்டம் பார்த்து, அந்தத் தாளிலேயே தேதியோடு குறித்து வாருங்கள்.